வாகைப் பலகையில் ஒரு டிகிரி

“மிஷின் இல்லாம இது ஆகாதுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் அம்மா மாரியாத்தாள் இதைப் பிடிவாதம் என்கிறார். நான் ஆர்வம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஆவணி வரைக்கும்.

என் பெயர் அன்புச்செல்வி. குறிச்சி சிட்கோவில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் பதினாலு வருஷமாக வேலை செய்கிறேன். கோயமுத்தூரில் இத்தனை பம்புகள் வார்க்கிறார்களே, அவை இரும்பாவதற்கு முன்னால் ஒரு தடவை மரமாக இருந்தவை. அந்த மர அச்சைத்தான் பேட்டர்ன் என்கிறோம். அதை மணலில் பதித்து வெளியே எடுத்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். எடுக்கும்போது மணல் உதிரக்கூடாது. அதற்காக, நிற்கிற பக்கம் எதையும் நாங்கள் செங்குத்தாக விடுவதில்லை. ஒரு டிகிரி சாய்த்தே சீவுவோம். டேப்பர் என்று அதற்குப் பெயர்.

பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். காட்டில் களை வெட்டப் போனவரின் மகள் பாலிடெக்னிக் முடித்து வந்து நிற்கிறாள் என்பதே முதல் ஐந்து வருஷம் அங்கே பேச்சாக இருந்தது. ஆண் ஒருவர் அளவு தவறினால் யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் தவறினால், அப்போதே தெரியும் என்பார்கள். அதனால் நான் தவறுவதை விட்டுவிட்டேன். சரியாகச் சொன்னால், தவறியதை ஒத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

போத்தனூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இல்யாஸ் பாயின் தச்சுக்கடை. ஐம்பத்தேழு வயது. வேலை விட்டு வரும் வழியில் அங்கே ஐந்து நிமிஷமாவது நின்று வம்பிழுக்காவிட்டால் எனக்கு நாள் முடிந்த மாதிரி இருக்காது. அவரிடம் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. கையில் பிடித்து ஓட்டுகிற கட்டர் மிஷின் ஒன்று, இழைப்புளிகள் நாலைந்து, கிளாம்புகள் கொஞ்சம். அவ்வளவுதான். ஆடி மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, அப்போதுதான் மறுபடி கடை திறந்திருந்தார்.

திறந்த வாரமே நந்திதாவின் பலகை வந்து இறங்கியது. நந்திதா சரவணம்பட்டியில் பல் டாக்டர். அவள் வீட்டு முன்னால் இருந்த வாகை மரத்தை மின்கம்பி போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். அதில் தேறியது ஒரே ஒரு நல்ல பலகை. இருபத்தாறு அங்குல அகலம், ஒன்பதரை அடி நீளம், ஒரு அங்குல கனம். நடுவே கறுப்பாக ஒரு கோடு, நீளம் முழுக்க ஓடியது. எந்தக் காலத்திலோ யாரோ விளம்பரத் தட்டி மாட்ட அடித்த ஆணியை மரம் உள்ளே விழுங்கியிருக்கிறது. அந்த இரும்பு கசிந்து கசிந்து மரத்தில் மை மாதிரி ஏறியிருந்தது.

அவள் கேட்டது ஒரு மேஜை. ஆனால் கால் வைத்த மேஜை இல்லை. பலகையின் இரண்டு முனைகளையும் துணியை மடிப்பதுபோல அப்படியே கீழே மடித்துவிட வேண்டும். கறுப்புக் கோடு மேலே ஓடி, விளிம்பில் திரும்பி, அறுபடாமல் தரைக்கு இறங்க வேண்டும். மரத்தை மடிக்க முடியுமா? முடியாது. மடிப்பு வருகிற இடத்தில் அறுத்து, இரண்டு விளிம்பையும் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துச் சீவி, சேர்த்து ஒட்ட வேண்டும். சின்ன ஃபோட்டோ சட்டத்தின் நாலு மூலையும் அப்படித்தான் சேர்கிறது. அங்கே சின்னப் பிழையைப் பசையும் தூளும் வைத்து மறைத்துவிடலாம். இருபத்தாறு அங்குல அகலத்தில் பிழை இருந்தால் வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

அவள் முதலில் பெரிய கம்பெனி ஒன்றுக்குத்தான் போயிருக்கிறாள். அவர்களிடம் பலகை அறுக்கவென்றே தண்டவாளம் போட்ட இயந்திரம் இருக்கிறது. ஆணி விழுங்கின மரத்தைத் தங்கள் ரம்பத்தில் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே, அந்த இயந்திரம் இல்லாமல் இதை யாரும் செய்ய முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நந்திதா இதை இல்யாஸ் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். போதாதா எனக்கு?

அடுத்த மூன்று நாளும் பட்டறையில் பம்பு மூடியைச் சீவிக்கொண்டே அந்த மூலையைத்தான் யோசித்தேன். கட்டர் மிஷினைச் சாய்த்து ஓட்டினால் நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் போகலாம். ஆனால் அதன் தகடு மெலிது, சாய்வுக் கோடுகள் குத்துமதிப்பு, ரம்பம் குறுக்கு நாரில் போகும்போது லேசாக நடுங்கும். அப்புறம்தான் தோன்றியது: கடைசி வெட்டை ரம்பம்தான் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ரம்பம் ஒரு நூல் மிச்சம் வைத்து அறுத்துவிடட்டும். மீதியை உப்புத்தாள் தின்னட்டும். உப்புத்தாள் சரியான சாய்வில் மட்டும் ஓடும்படி ஒரு வழிகாட்டி இருந்தால் போதும்.

அந்த வழிகாட்டியை நான் செய்கிறேன் என்றேன். இருபத்தெட்டு அங்குல நீளத்தில் ஒரு முக்கோணக் கட்டை. அதைப் பலகையின் உள்பக்கத்தில் விளிம்பை ஒட்டிக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு சட்டத்தில் பாதி அகலத்துக்கு மட்டும் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாத பாதி கட்டையின் சாய்வில் வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டின பாதி பலகை விளிம்பை அதே சாய்வுக்குக் கொண்டுவரும். பேட்டர்ன் பட்டறையில் இப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். இல்யாஸ் பாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிடித்திருந்தால்தான் அவர் அப்படி ஆட்டுவார்.

பட்டறையில் நன்றாகச் சதுரம் பார்த்த தேக்குக் கட்டை ஒன்று கிடந்தது. பிளேனர் இயந்திரத்தில் மரத்தைச் சார்த்தி ஓட்டுகிற பக்கத்தட்டில் நாற்பத்தைந்து டிகிரி அணைகட்டை ஒன்றை வைத்து, அதில் தேக்கைச் சாய்த்து, மூலைக்கு மூலை சீவி முக்கோணமாக்கினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்தது. சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மட்டம் வைத்துப் பார்த்தீர்களா அம்மணி என்று ஒரு வார்த்தை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பதினாலு வருஷத்தில் என் கட்டையை யாரும் மட்டம் வைத்துப் பார்த்ததில்லை என்றேன். அதுவும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் மரியாதைக்காரர். கையில் எடுத்த மூலைமட்டத்தைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டார்.

மெல்லிய பிளைவுட் துண்டு இரண்டில் முதலில் செய்து பார்த்தோம். காகிதம் போல இருந்த அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று அழகாக உட்கார்ந்தன. அது போதும் என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் ஒரு முனைக்கு என்று பலகையைக் கிடத்தினோம். அறுக்கிற கோட்டில் பேப்பர் டேப் ஒட்டி, அதன்மேல் கத்தியால் கீறல் போட்டார், நார் பிய்ந்து வராமல் இருக்க. நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு அதை ஒட்டி மிஷினை ஓட்டினார். வாகைத் தூளுக்கு ஒரு குணம் உண்டு; மூக்கில் ஏறினால் தும்மாமல் இருக்க முடியாது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபத்தாறு அங்குலமும் ஓட்டி முடித்துவிட்டு, மிஷினைக் கீழே வைத்த பிறகு பதினோரு தடவை தும்மினார். நான் எண்ணினேன். அப்புறம் கட்டையைப் பூட்டி, இரண்டு விளிம்பையும் மதியம் வரைக்கும் தேய்த்தார்.

இரண்டு துண்டையும் மூலையாக நிறுத்தி, உள்பக்கம் மூலைமட்டம் வைத்து இறுக்கினோம். உள்பக்கம் கச்சிதமாகச் சேர்ந்தது. வெளிப்பக்கம், எல்லோரும் பார்க்கப்போகிற பக்கம், வாயைத் திறந்துகொண்டு நின்றது. இல்யாஸ் பாய் சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து விட்டுப் பார்த்தார். தாராளமாக நுழைந்தது.

அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“எனக்கு நேராத்தானுங்க அம்மணி தெரிஞ்சுது. தேய்க்கும்போது நேராத்தான் தெரிஞ்சுது.”

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

“கை கொஞ்சம் எச்சா அழுத்திப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க பாய்.”

திங்கட்கிழமை கடை திறக்கவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் மகள் ஹிபா என் வீட்டுக்கு வந்தாள். பி.காம் முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்; சாதாரணமாக வாய் ஓயாமல் பேசுவாள். அன்றைக்கு அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. தனக்குக் கண் சரியில்லை என்று அவள் அத்தா முடிவு கட்டிவிட்டார். இனி தச்சு வேலை வேண்டாம், வருகிற திங்கட்கிழமை முதல் காந்திபுரத்தில் மச்சானின் துணிக்கடையில் போய் உட்காரப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். நந்திதாவுக்கும் போன் செய்து, பலகையை எடுத்துக்கொண்டு போங்கள், எனக்குக் கண் போய்விட்டது என்றிருக்கிறார். ஹிபாதான் வற்புறுத்திக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்கிறாள். கண் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அத்தா வெளியே வந்து, டாக்டர் எழுத்தைத்தான் படிக்கச் சொன்னார், மரத்தையா அறுக்கச் சொன்னார் என்றாராம்.

“ரோடு தாண்டறதுக்குக்கூட என்ற கையப் புடிச்சுக்கறாருங்க அக்கா. போன வாரம் வரைக்கும் அப்படி இல்லீங்க.”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்திலும் என் புத்தி போனது அந்த இடைவெளியின் மேல்தான். பிளைவுட்டில் சேர்ந்தது பலகையில் ஏன் சேரவில்லை? ஹிபாவிடம் கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மூலை இன்னும் கிளாம்பில் அப்படியே இருந்தது. ரேஷன் கார்டு ஒன்று நானும் கொண்டுபோயிருந்தேன். இடது ஓரத்தில் விட்டேன், நுழைந்தது. நடுவில் விட்டேன், அதே அளவு. வலது ஓரத்திலும் அதே அளவு. இருபத்தாறு அங்குலத்துக்கும் கொஞ்சம்கூட ஏறி இறங்காமல் ஒரே சீரான இடைவெளி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை தவறினால் ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் குறுகும். கண் தெரியாதவர் தேய்த்தால் அலை அலையாக இருக்கும். இவ்வளவு நேர்த்தியாக யாராலும் தவற முடியாது. இது கையின் தவறு இல்லை. கை ஏதோ ஒன்றின் பேச்சைக் கேட்டு அப்படியே நடந்திருக்கிறது.

பலகை வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வளைந்திருந்தால் நடுவில் மட்டும் திறந்திருக்கும். உப்புத்தாள் ஒட்டின சட்டம் கோணலா? அதைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன், நேராக இருந்தது. மூலைமட்டத்தைத் திருப்பி வைத்து இரண்டு பக்கமும் கோடு போட்டுப் பார்த்தேன், மட்டம் சுத்தம். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்தபோது கடைசியில் மேஜைமேல் ஒன்றுதான் மிச்சம் கிடந்தது. அதைத் தொடக் கொஞ்ச நேரம் எனக்கு மனம் வரவில்லை.

நாற்பத்தைந்து டிகிரியைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. காகிதத்தில் ஒரு அடிக்கோடு போட்டு, முக்கோணத்தின் ஒரு பக்கத்தை அதன்மேல் நிறுத்தி, சாய்வைப் பென்சிலால் வரைய வேண்டும். அப்புறம் கட்டையைப் புரட்டி, இன்னொரு பக்கத்தை அதே அடிக்கோட்டில், அதே நுனியில் வைத்து மறுபடி வரைய வேண்டும். கட்டை சரியாக இருந்தால் இரண்டு சாய்வும் ஒரே கோடாக விழும். என் காகிதத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன. நுனியில் ஒன்றாகப் புறப்பட்டு, போகப்போகப் பிரிந்தன. ஒன்று நாற்பத்தாறு. மற்றது நாற்பத்து நான்கு. மெல்லிய பிளைவுட்டில் அந்த ஒரு டிகிரி தெரியவில்லை; ஒரு அங்குலக் கனத்தில் வாயைத் திறந்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பினதும் நேரே பிளேனரிடம் போனேன். பக்கத்தட்டில் மட்டத்தை வைத்தேன். ஒரு டிகிரி சாய்ந்து நின்றது. எப்போதும் அப்படித்தான் நிற்கிறது, டேப்பருக்காக. நாங்கள் சீவுகிற எல்லாவற்றுக்கும் அது வேண்டும், ஒரு மேஜை மூலையைத் தவிர. அந்தச் சாய்ந்த தட்டில்தான் என் அணைகட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். இதை யார் இப்படி வைத்தது என்று, பழக்கதோஷத்தில், பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அங்கப்பனைக் கேட்டேன். அவன் பாவம், பயந்துபோய்ச் சுவரைக் காட்டினான். பக்கத்தட்டை யாரும் தொடக்கூடாது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அது என் கையெழுத்து.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒருபடி மேலே போய், கூடத்தையும் கோணலாக்கிவிட்டு, ஆடினவரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியத்துக்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் காகிதத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. இன்னொரு பக்கம், அந்த இரண்டு கோடும் என்னை விடவில்லை. நாற்பத்தாறு, நாற்பத்து நான்கு. இரண்டையும் கூட்டினால் தொண்ணூறு. கூட்டினால் தொண்ணூறுதான் வரும். கட்டையின் நேர்மூலை சுத்தமாக இருக்கிறவரைக்கும் மற்ற இரண்டு முனையும் எப்படிக் கோணினாலும் கூடித் தொண்ணூறுதான் வந்தாக வேண்டும். அப்படியானால் யாருக்கு வேண்டும் நாற்பத்தைந்து? ஒரு விளிம்பைக் கட்டையின் ஒரு பக்கத்தை வைத்துத் தேய்த்துவிட்டு, மற்ற விளிம்புக்குக் கட்டையைப் புரட்டி வைத்துக்கொண்டால், மூலை தானாக நேராகிவிடும்! கோணல் கட்டையாலேயே கோணலைத் தீர்க்கலாம். அதுவும் வெளிப்பக்கத்தில் ஒரு நூல்கூடக் குறையாது. உள்பக்கத்தில்தான் கொஞ்சம் தேயும். கறுப்புக் கோடு அப்படியே பொருந்தும். மேஜைக்கு அடியில் படுக்கிற பூனைக்கு மட்டும் தெரிகிற அளவில் ஒரு வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் நாற்பத்தைந்தைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்போடு கூட ஒரு கள்ள யோசனையும் வந்தது. இதை ஒரு புது யுக்தி என்று மட்டும் இல்யாஸ் பாயிடம் சொன்னால் போதும். அகலப் பலகைக்குக் கட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டுமாம், அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். மூலை சேர்ந்துவிட்டால் அவர் மனசும் சேர்ந்துவிடும். பக்கத்தட்டைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, துணிக்கடை ஆளாகவே மாறியிருந்தார். நான் காகிதத்தை விரித்து யுக்தியைச் சொன்னேன். கையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். ஆனால் தலையை ஒரு தடவைகூட ஆட்டவில்லை.

“நல்லா இருக்குதுங்க அம்மணி. வேற யாராச்சும் நல்ல ஆளா வெச்சுச் செய்யுங்க. கட்டைய எப்படித் திருப்பி வெச்சாலும், பாக்கறதுக்குக் கண்ணு வேணுமில்லீங்களா.”

சொல்லிவிட்டு அவர் தன் உள்ளங்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அது வேண்டுமென்றே செய்தது இல்லை. அந்த ஆறு நாளில் அவருக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருக்கிறது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“பாய், உங்க கண்ணுல ஒண்ணுமில்லீங்க. கட்டைதான் தப்புங்க. நான் சீவுனது தப்புங்க. மட்டம் வெச்சுப் பாத்தீங்களான்னு நீங்க அன்னைக்கே கேட்டீங்க. நான் பாக்கலீங்க.”

பக்கத்தட்டு, டேப்பர், சுவரில் ஒட்டின காகிதம், எல்லாவற்றையும் சொன்னேன். அங்கப்பனை மிரட்டினதையும் சொன்னேன். ரேஷன் கார்டு இருபத்தாறு அங்குலத்துக்கும் ஒரே மாதிரி நுழைந்ததைச் சொல்லி, அவ்வளவு சீராகத் தேய்க்க நல்ல கண் இருக்கிறவராலேயே முடியாது என்றேன். உள்ளே ஹிபா படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

“ஏனுங்க அம்மணி, ஆறு நாளா நான் என்ற கண்ணையல்லங்க திட்டீட்டு இருந்தேன்.”

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை இல்லை. பழைய கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். மூன்று பேரும் கடைக்கு நடந்தோம். ஹிபா கையை நீட்டினாள், அவர் பிடிக்கவில்லை. கிளாம்பைக் கழற்றி, ஒரு துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதில் கட்டையைப் புரட்டிப் பூட்டினார். பூட்டுவதற்கு முன்னால் ஆணியிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டையின் நேர்மூலையில் வைத்துச் சோதித்தார். அப்புறம் தேய்க்க ஆரம்பித்தார். சட்டம் கட்டையில் வழுக்கி, பலகையில் கரகரவென்று ஓடியது. முதலில் உள்விளிம்பில் மட்டும் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தேய்ப்பு அகலமாகி வந்து நுனியைத் தொட்டபோது நிறுத்தினார்.

இரண்டையும் சேர்த்து நிறுத்தினோம். ஹிபா ரேஷன் கார்டைக் கொண்டுவந்து வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நகத்துக்கும் தட்டுப்படவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இல்யாஸ் பாய் முகத்தில் அது இல்லை. அவர் தும்மிவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்ற கண்ணு போச்சுன்னு நாலு பேர்த்துகிட்ட சொல்லிப்போட்டேனுங்க அம்மணி. எண்ணித்தான் சொல்றேன், நாலு பேரு. அந்த நாலு பேர்த்துகிட்டயும் நீங்க சொல்லோணுமுங்க. நான் சொன்னா, வேலையில்லாம பேசறான்னு நெனப்பாங்க.”

பதினாலு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத வார்த்தையை ஒரே காலையில் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். முதல் ஆள் எதிரிலேயே நின்றாள். ஹிபாவிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தும், முதலிலிருந்து சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அத்தாவின் தோளில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்து நந்திதாவுக்குப் போன் போட்டேன். அவள் யாரோ ஒருவரை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் பேசினாள். பிழை என்னுடையது என்றேன். மேஜை வருமா வராதா என்று கேட்டாள். வரும், பாய்தான் செய்கிறார் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது, காந்திபுரத்து மச்சான். அவருக்கு டிகிரியும் புரியவில்லை, டேப்பரும் புரியவில்லை. கடையில் ஆட்கள் சத்தம் வேறு. இரண்டு தடவை விளக்கினேன். கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப மச்சான் திங்கக்கெழம வாராருங்களா, இல்லீங்களா?”

“வரமாட்டாருங்க. அவரு கண்ணு நல்லா இருக்குதுங்க. தப்புப் பண்ணுனது நானுங்க.”

போனை வைத்தபோது எனக்கு வேர்த்திருந்தது. ஆனால் நினைத்த அளவுக்குக் கசக்கவில்லை. மூன்று பேர் ஆயிற்று. நாலாவது யார் என்று யோசித்தேன். டாக்டராக இருக்குமோ? அவர்தான் கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னவராயிற்றே, அவரிடம் போய் என்ன சொல்வது?

“நாலாவது ஆளு யாருங்க பாய்?”

இல்யாஸ் பாய் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, எடுத்து, மறுபடி பொத்தினார்.

“நானுங்க அம்மணி. எனக்கு நானே சொல்லிப்போட்டேன், அதுதான் இன்னம் போவ மாட்டேங்குது. இன்னொருக்கா சொல்லுங்க.”

நான் ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.